டைரக்ட் பிளைட் எண்டா நடுவில எங்கயும் இறங்காதா?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி): அக்கா, அம்மாவுக்கு 71 வயசு, இங்கிலீஷ் பெரிசா ஓடாது. தங்கச்சிக்கு பிள்ளை பிறக்கப்போகுது எண்டு லண்டனுக்கு தனியப் போறா. ஏஜென்சியில "டைரக்ட் பிளைட், ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ" எண்டு சொல்லித்தான் டிக்கெட் போட்டுத் தந்தவங்கள். வீட்ட வந்து ஈ-டிக்கெட்டைப் பாத்தா நடுவில இன்னொரு ஊர்ப்பேர் கிடக்கு, "ஒன் ஸ்டொப்" எண்டு போட்டு 1 மணித்தியாலம் 10 நிமிஷம் நிக்கும் எண்டும் இருக்கு. ஆனா பிளைட் நம்பர் ஒண்டுதான். எங்களை ஏமாத்திப்போட்டாங்களா?

பதில்: ஏமாத்தேல்லை தங்கச்சி, ஆனா நீங்கள் நினைச்ச சாமானை அவங்கள் விக்கவும் இல்லை. நாங்கள் "டைரக்டா போனான்" எண்டு சொன்னா வழியில எங்கயும் நிக்காம நேரா போனான் எண்டுதான் விளங்கிக்கொள்ளுறம், அதையே பிளைட்டுக்கும் வச்சுப் பாக்கிறம். எயார்லைன்காரரிட்ட அந்தச் சொல்லுக்கு கணக்கு வேற. ஒரு நம்பரில ஏறி அதே நம்பரில போய் இறங்கினா அது டைரக்ட் பிளைட், நடுவில ஒரு ஊரில இறங்கி கொஞ்சப்பேரை இறக்கி கொஞ்சப்பேரை ஏத்தி எண்ணெய் அடிச்சுக்கொண்டு போனாலும் அது டைரக்ட்தான். புறப்பட்ட இடத்தில எழும்பினா போற இடத்திலதான் சில்லு நிலத்தில படும் எண்ட பிளைட்டுக்கு நொன்-ஸ்டொப் எண்டு பேர். யாழ்தேவி அநுராதபுரத்தில நிண்டாலும் காங்கேசன்துறை போற ஆள் வேற ரயிலுக்கு மாறத் தேவையில்லைத்தானே, அதே ரயில், அதே டிக்கெட், உங்கட அம்மாவின்ட பிளைட்டும் அந்த மாதிரித்தான். நம்பரே மாறி, இன்னொரு பிளைட்டில போய் ஏற வேணும் எண்டாத்தான் அது கனெக்டிங் பிளைட்.

இது எங்கட பக்கத்துக்கு புதுசும் இல்லை. துருக்கி எயார்லைன்ஸ் கனகாலம் இஸ்தான்புல்லிலிருந்து மாலைதீவில மாலேக்குப் போய், அங்க ஆக்களை இறக்கிப்போட்டுத்தான் கொழும்புக்கு வந்தது, 2023இலதான் நேரா வரத் தொடங்கினது. கன்டாஸ் எயார்லைன்ஸின்ட 1ஆம் நம்பர் பிளைட் சிட்னியில எழும்பி சிங்கப்பூரில நிண்டு லண்டன் போகும், சிட்னியில ஏறின ஆளுக்கு லண்டன் வரைக்கும் அதே நம்பர்தான். ஏன் இப்பிடி செய்யினம் எண்டா, ஒரு ஊருக்கு மட்டும் பிளேன் நிறைய ஆக்கள் இருக்க மாட்டினம், ரெண்டு ஊரைச் சேத்தா சீட் நிரம்பும், இல்லாட்டி தூரம் கூட, எண்ணெய் காணாது, பைலட்மாரை மாத்த வேணும், இப்பிடி ஏதாவது ஒரு காரணம் இருக்கும். எண்ணெய்க்காக மட்டும் இறங்கி ஆக்களை ஏத்தாமல் இறக்காமல் போறதுக்கு டெக்னிக்கல் ஸ்டொப் எண்டு சொல்லுவினம். 2022இல இங்க எரிபொருள் இல்லாத நேரம், கொழும்பிலிருந்து தூர ஊருக்குப் போன பிளைட்டுகள் திருவனந்தபுரத்தில இறங்கி எண்ணெய் அடிச்சுக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும், நொன்-ஸ்டொப் எண்டு டிக்கெட் வாங்கின சனமும் அந்த நாளில ஒருக்கா இறங்கி எழும்பித்தான் போனது.

இப்ப அம்மாவின்ட விஷயம். எனக்கு இந்த 1 மணித்தியாலம் 10 நிமிஷத்தைப் பற்றித்தான் கவலை. சில எயார்லைனில நடுவில நிக்கேக்க லண்டன் போற ஆக்களை பிளேனுக்குள்ளயே இருக்கச் சொல்லுவினம், சில இடத்தில கையில இருக்கிற சாமான் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு எல்லாரையும் இறங்கச் சொல்லி, திரும்ப செக் பண்ணித்தான் ஏத்துவினம். இப்பிடி இறக்குற இடத்திலதான் வயசு போன ஆக்கள் குழம்புறது, பிளேன் நிண்டிட்டு, எல்லாரும் எழும்பினம், அப்ப இதுதான் லண்டனாக்கும் எண்டு பெட்டி எடுக்கிற பக்கத்தால வெளிய நடந்திடுவினம். அதால அம்மாவுக்கு வடிவா சொல்லி விடுங்கோ, முதல் இறங்குற இடம் லண்டன் இல்லை, அங்க பெட்டியைப் பற்றி நினைக்கவே வேண்டாம், பெட்டி பிளேனின்ட அடியில இருந்தபடியே இருக்கும், "அரைவல்ஸ்" எண்ட போட் இருக்கிற பக்கம் போகாம "ட்ரான்சிட்" இல்லாட்டி "ட்ரான்ஸ்பர்" எண்டு இருக்கிற பக்கம் போக வேணும். போர்டிங் பாஸ் துண்டை இறங்கேக்க எறியக்கூடாது, அதைக் காட்டித்தான் திரும்ப ஏறுறது. ஒரு தாளில இங்கிலீஷில பெரிய எழுத்தில "நான் லண்டன் போறன், எனக்கு இங்கிலீஷ் கதைக்க வராது, தயவுசெய்து கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு எழுதி பிளைட் நம்பரும் தங்கச்சியின்ட போன் நம்பரும் போட்டு பாஸ்போட்டோட சேத்து வையுங்கோ.

அதைவிட நல்லது, எயார்லைனுக்கு கோல் எடுத்து வீல்செயார் கேக்கிறது. குறைஞ்சது 48 மணித்தியாலத்துக்கு முதல் சொன்னா நல்லது, அதுக்கு காசு இல்லை. "அம்மா நடப்பா, அவவுக்கு ஏன் வீல்செயார்" எண்டு சில வீட்டில ஒரு வெக்கம் இருக்கு. பெரிய எயார்போட்டுகளில கேட் ரெண்டுக்கும் இடையில எவ்வளவு தூரம் நடக்க வேணும் எண்டது போனவைக்குத் தெரியும், 71 வயசில தனியப் போற ஒரு மனுசிக்கு அந்த உதவி கட்டாயம் வேணும் எண்டுதான் நான் சொல்லுவன். வீல்செயார் தள்ளிக்கொண்டு வாற ஆளே செக்கிங், கேட் எல்லாம் பாத்து பிளேன் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

இன்னும் டிக்கெட்டை மாத்தலாம் எண்டா ஏஜென்சியில "டைரக்டா?" எண்டு கேக்காதீங்கோ, "நொன்-ஸ்டொப்பா?" எண்டு கேளுங்கோ, கேட்டுப்போட்டு ஸ்க்ரீனில ஸ்டொப் எண்ட இடத்தில பூச்சியம் இருக்கா எண்டு உங்கட கண்ணால பாருங்கோ. கட்டுநாயக்கா எயார்போட்டிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நொன்-ஸ்டொப்பா போகுது, கிட்டத்தட்ட 11 மணித்தியாலம். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பொடியள் எண்டா நான் மலிவைப் பாக்கச் சொல்லுவன், அம்மாவுக்கு எண்டா அந்தக் காசை நான் குடுப்பன்.

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்): நானும் மனுசியும் டொரொன்டோவுக்கு மகளிட்டப் போகப்போறம், கனடா விசா வந்திட்டு. இங்கயிருந்து டொரொன்டோவுக்கு நேர பிளைட் இல்லையாம். மருமகன் சொல்லுறார் ரெண்டு துண்டா டிக்கெட் எடுத்தா மலிவு எண்டு, கொழும்பிலிருந்து ஐரோப்பாவில ஒரு ஊருக்கு ஒண்டு, அங்கயிருந்து டொரொன்டோவுக்கு வேற எயார்லைனில ஒண்டு. எங்கட பெட்டி தானா மாறிப்போகுமா? ட்ரான்சிட் விசா எண்டும் ஒண்டு இருக்காமே, எயார்போட்டுக்குள்ளயே குந்தியிருக்கிற ஆளுக்கு எதுக்கு விசா?

பதில்: ஐயா, காசு கட்ட முதல் எழுதினது நல்லதாப் போச்சு. மருமகன் நல்ல மனசோடதான் சொல்லுறார், ஆனா உங்கட பாஸ்போட்டுக்கு அந்தக் கணக்கு சரிவராது.

முதல் பெட்டியைப் பாப்பம். கொழும்பிலிருந்து டொரொன்டோ வரைக்கும் ஒரே டிக்கெட்டா, ஒரே புக்கிங் நம்பரில எடுத்தா, நடுவில எயார்லைன் மாறினாலும் பொதுவா கட்டுநாயக்காவில குடுக்கிற பெட்டி டொரொன்டோவிலதான் உங்கட கையில வரும். கவுன்டரில பெட்டிக்கு ஒட்டுற நீளத் துண்டைப் பாருங்கோ, அதில கடைசி ஊரின்ட மூண்டெழுத்து இருக்கும், டொரொன்டோ பியர்சன் எயார்போட்டுக்கு வை, வை, இசட். அது இல்லாம நடுவில நிக்கிற ஊரின்ட எழுத்து இருந்தா அந்த இடத்திலயே நிண்டு கேக்க வேணும், வெக்கப்படாம கேளுங்கோ. ரெண்டு டிக்கெட்டா எடுத்தா கதை வேற. முதல் எயார்லைனுக்கு நீங்கள் அந்த ஐரோப்பிய ஊரில பயணம் முடிச்ச ஆள். பெட்டியை நீங்களே எடுத்து, வெளிய வந்து, மற்ற எயார்லைனின்ட கவுன்டரில திரும்ப வரிசையில நிண்டு குடுக்க வேணும். முதல் பிளைட் பிந்தி ரெண்டாவது போயிட்டு எண்டாலும் ஒருத்தரும் பொறுப்பெடுக்க மாட்டினம், புது டிக்கெட் உங்கட காசிலதான். ஒரே டிக்கெட் எண்டா அடுத்த பிளைட்டில ஏத்தி விட வேண்டியது எயார்லைனின்ட வேலை.

இனி விசா. பெட்டி எடுக்க வெளிய வரவேணும் எண்டா இமிகிரேஷனைத் தாண்ட வேணும், இமிகிரேஷனைத் தாண்டினா நீங்கள் அந்த நாட்டுக்குள்ள வந்த ஆள், அதுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில கன நாடுகளுக்குப் பொதுவான விசா, வேணும். எயார்போட்டுக்குள்ளயே இருக்கிற ஆளுக்கு எதுக்கு விசா எண்டு கேட்டீங்கள். பெரும்பாலான நாட்டுப் பாஸ்போட்டுக்கு தேவையில்லை. ஆனா ஷெங்கன் நாடுகள் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு பட்டியல் இருக்கு, அந்தப் பட்டியலில உள்ள நாட்டு ஆக்கள் வெளிய காலே வைக்காம கேட்டிலிருந்து கேட்டுக்கு நடந்தாலும் எயார்போட் ட்ரான்சிட் விசா எடுக்க வேணும், இலங்கை அந்தப் பட்டியலில இருக்கு. எனக்கு இது மனசுக்கு கஷ்டமான விஷயம்தான், ஆனா இருக்கிற விதி அது, தெரியாமப் போனா கட்டுநாயக்கா கவுன்டரிலயே ஏத்தாம திருப்பி அனுப்பிப்போடுவினம். கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா செல்லுபடியா வச்சிருக்கிற ஆளுக்கு இந்த ட்ரான்சிட் விசா விலக்கு உண்டு, அதால உங்களுக்கு ஒரே டிக்கெட்டில ஐரோப்பா வழியா போனா பிரச்சினை வராது. இங்கதான் நிறையப்பேர் விழுறது: அந்த விலக்கு எயார்போட்டுக்குள்ள நிக்கிறதுக்கு மட்டும்தான். ரெண்டு டிக்கெட் எடுத்து பெட்டிக்காக வெளிய வரவேணும் எண்டா கனடா விசா உதவாது. மருமகனுக்கு வெளிநாட்டுப் பாஸ்போட் எண்டா அவருக்கு இது ஒண்டுமே தெரிய வந்திருக்காது, அவரில பிழை சொல்லாதீங்கோ.

லண்டன் வழியா எண்டாலும் பிரித்தானியாவுக்கு தனியா ஒரு ட்ரான்சிட் விசா முறை இருக்கு, இலங்கைப் பாஸ்போட் அதிலயும் வரும், அதுக்கும் கனடா விசா மாதிரி விலக்குகள் இருக்கு. அமெரிக்கா இன்னும் கடுமை, அங்க வெளிய வராம மாறிப்போற ட்ரான்சிட் எண்டே ஒண்டு இல்லை, எந்த ஊருக்குப் போறதெண்டாலும் முதல் இறங்குற இடத்தில இமிகிரேஷனைத் தாண்டித்தான் போக வேணும், எங்களுக்கு அதுக்கு விசா வேணும். இந்த விதிகள் மாறுறதும் உண்டு, அதால டிக்கெட்டுக்கு காசு கட்டுற கிழமையில அந்தந்த நாட்டு அரசாங்கத்தின்ட அறிவிப்பை ஒருக்கா பாருங்கோ. தலையிடி இல்லாம போக வேணும் எண்டா டோஹா, துபாய், அபுதாபி வழியா ஒரே டிக்கெட்டில போங்கோ, அங்க எயார்போட்டுக்குள்ள மாறி ஏறுறதுக்கு எங்களுக்கு விசா தேவையில்லை.

இன்னொண்டு, மகளுக்கு எண்டு மாங்காய் ஊறுகாய் போத்தல், நல்லெண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் கட்டுவீங்கள் எண்டு தெரியும். எல்லாத்தையும் பெரிய பெட்டியில போடுங்கோ. கைப்பையில வச்சா கட்டுநாயக்காவில தப்பினாலும் ட்ரான்சிட்டில திரும்ப ஸ்கேன் பண்ணுவாங்கள், அங்க எடுத்து குப்பையில போட்டா பாத்துக்கொண்டு நிக்கத்தான் முடியும்.

கேள்வி (தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி): லேஓவர், ஸ்டொப்ஓவர் ரெண்டும் ஒண்டா?

பதில்: ரெண்டும் நடுவில நிக்கிறதுதான், நேரத்திலதான் வித்தியாசம். வெளிநாட்டுப் பயணத்தில 24 மணித்தியாலத்துக்கு உள்ள எண்டா லேஓவர், அதைத் தாண்டினா ஸ்டொப்ஓவர். லேஓவர் எண்டது அடுத்த பிளைட்டுக்காக காத்திருக்கிறது, ஸ்டொப்ஓவர் எண்டது நீங்களா விரும்பி அந்த ஊரில ரெண்டு மூண்டு நாள் தங்கிப் பாத்திட்டு அதே டிக்கெட்டில மிச்சப் பயணத்தைப் போறது. மெல்போர்ன் போற வழியில சிங்கப்பூரில தங்கிப் போற ஆக்கள் இருக்கினம், சிங்கப்பூருக்கு எங்கட பாஸ்போட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை எண்டதால அது நல்ல தெரிவு, செரங்கூன் வீதிப் பக்கம் போனா தமிழும் கதைக்கலாம். டிக்கெட் போட முதலே ஸ்டொப்ஓவர் வேணும் எண்டு சொல்ல வேணும், பிறகு மாத்தப் போனா காசு கேப்பினம்.

கேள்வி (மருதானையிலிருந்து ஒரு வாசகர்): ரெட்-ஐ பிளைட் எண்டு ஒபிஸில சொல்லுறாங்கள், அது என்ன?

பதில்: இரவு ஏறி விடிய இறங்குற பிளைட். நித்திரை இல்லாம கண் சிவந்து இறங்குறதால வந்த பேர். கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா போற கன பிளைட் இந்த வகைதான்.

கேள்வி (பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு மாணவன்): இலங்கைக்கு வந்துபோன பிளைட்டுகளில மிச்சம் நேரம் பறந்த நொன்-ஸ்டொப் எது?

பதில்: தம்பி, இந்தக் கேள்வி வந்ததில எனக்கு சரியான சந்தோஷம், ஏனெண்டா இந்தக் கதை எங்கட நாட்டிலயே நிறையப் பேருக்குத் தெரியாது. இப்ப இருக்கிற ஜெட் ஒண்டும் இல்லை, 80 வருஷத்துக்கு முந்தின ஒரு கடல்விமானம்.

1942 பெப்ரவரியில ஜப்பான் சிங்கப்பூரைப் பிடிச்ச உடன அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில இருந்த ஆகாயப் பாதை அறுந்துபோச்சு. அதைத் திரும்ப ஒட்டத்தான் 1943இல கன்டாஸ்காரர் கட்டலினா எண்ட விமானத்தில, அவுஸ்திரேலியாவின்ட பேர்த் நகரில இருந்து காலிக்குக் கிட்ட கொக்கல வாவிக்கு பறக்கத் தொடங்கினவை. நடுவில இறங்க ஒரு தீவும் இல்லாத சமுத்திரம், தூரம் 5,600 கிலோமீற்றருக்கும் மேல. அந்த விமானம் மணித்தியாலத்துக்கு 200 கிலோமீற்றர் அளவிலதான் போகும், அதால ஒரு பயணத்துக்கு 27இலிருந்து 32 மணித்தியாலம் வரை எடுத்தது. எண்ணெய்க்கே பாரம் எல்லாம் போயிடும், பயணிகள் மூண்டு பேர்தான், மிச்ச இடத்துக்கு கொஞ்சம் தபால். ஜப்பான்காரர் கேட்டிடுவினம் எண்டு ரேடியோவைத் தொடுறதில்லை, நட்சத்திரத்தைப் பாத்துத்தான் வழி பிடிச்சவை. ஒரே பறப்பில ரெண்டு தரம் சூரியன் உதிக்கிறதைப் பாக்கிறதால அதுக்கு "இரட்டைச் சூரியோதயம்" எண்டு பேர் வந்தது, ஏறின ஆக்களுக்கு அந்தப் பேரில ஒரு சான்றிதழும் குடுத்தவை. 1945 ஜூலை வரைக்கும் 271 தரம் சமுத்திரத்தைக் கடந்திருக்கு, ஒரு விமானமும் கடலில விழேல்லை. இண்டைக்கு உலகத்தில மிக நீளமான நொன்-ஸ்டொப் எண்டு சொல்லுற சிங்கப்பூர்–நியூயோர்க் பிளைட்டே 18, 19 மணித்தியாலம்தான். தூரத்தில அது பெரிசு, ஆனா பறந்துகொண்டே இருந்த நேரத்தில கொக்கலவுக்கு வந்த அந்தச் சின்ன விமானத்துக்குக் கிட்டவும் வராது.

கேள்வி (வத்தளையிலிருந்து ஒரு வாசகி): டிக்கெட்டில போய்ச் சேருற நேரத்துக்குப் பக்கத்தில "+1" எண்டு இருக்கு, கூடுதல் காசா? பிளைட் சனிக்கிழமை 02.15க்கு, எத்தினை மணிக்கு வீட்டால வெளிக்கிடுறது?

பதில்: காசு இல்லை, ஏறின திகதிக்கு அடுத்த நாள் போய்ச் சேருவீங்கள் எண்டு அர்த்தம். "+2" எண்டா அதுக்கும் அடுத்த நாள். டிக்கெட்டில போடுற நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம், டோஹா எங்களுக்கு ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு, துபாய் ஒண்டரை. இங்கத்தைய மணிக்கூட்டை வச்சு கணக்குப் பாத்தா நடுவில நிக்கிற நேரம் பிழையாத்தான் வரும், இறங்கின உடன அங்க தொங்குற மணிக்கூட்டைப் பாத்து கையில கட்டியிருக்கிறதை மாத்துங்கோ.

சனிக்கிழமை 02.15 எண்டா அது வெள்ளிக்கிழமை இரவு. வெள்ளி இரவுச் சாப்பாட்டை முடிச்சுக்கொண்டு வெளிக்கிட வேணும், 11 மணிக்கு கட்டுநாயக்காவில நிண்டா சரி. சனி பகல் முழுக்க பெட்டி கட்டி, இரவு 11க்கு எயார்போட்டுக்குப் போய் பிளைட் அண்டு அதிகாலையே போயிட்டு எண்டு கேட்டு அழுத குடும்பங்கள் இருக்கு, அதால வீட்டில எல்லாருக்கும் "வெள்ளிக்கிழமை இரவு" எண்டே சொல்லுங்கோ, காலண்டரிலயும் வெள்ளியில வட்டம் போடுங்கோ, வான்காரருக்கும் வெள்ளி எண்டு சொல்லிவையுங்கோ.